தெலுக் இந்தானின் பழைய ஆலைகளும் கப்பல் துறையும் எங்கே போயின?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் எடுத்து எழுதிவிடுகிறேன். "தெலுக் இந்தான் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம் என்கிறார்கள். போய்ப் பார்த்தால் சாய்ந்த கோபுரம் ஒன்றுதான் கண்ணில் படுகிறது. கப்பல் துறை, ரயில் நிலையம், ஆலைகள் எல்லாம் எங்கே? போரில் அழிந்தனவா, வெள்ளத்தில் போயினவா? என் தாத்தா அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில் வேலை பார்த்தார் என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். அது எது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?"

போர் சிலவற்றைச் சேதப்படுத்தியது, ஆறு சிலவற்றை அரித்தது. ஆனால் கொன்றவை அவை அல்ல. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்தத் தெலுக் இந்தானிலும் சுற்றுத் தோட்டங்களிலும் எழுந்த தொழிற்கூடங்கள் எல்லாமே ஏதோ ஒரு சரக்கைக் குறைந்த செலவில் வெளியே அனுப்பக் கட்டப்பட்டவை. அடுத்த ரயில் பாதையோ அடுத்த உலையோ அடுத்த இயந்திரமோ அதே வேலையை இன்னும் குறைந்த செலவில் செய்யத் தொடங்கியதும், பழையதை மூடிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அது சரியான முடிவுதான். அதனால்தான் தடுக்கவும் ஆள் இல்லை, அழவும் ஆள் இல்லை.

ஊர் ஏன் அங்கே உண்டானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பேராக் ஆறு மலேசியத் தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு, ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கடலைச் சேரும் முன் பெரிய வளைவுகளாக வளைந்து போகிறது. அப்படி ஒரு வளைவின் கரையில் ஊர் இருக்கிறது. ஊருக்கு மேலே கிந்தா ஆறு வந்து கலக்கிறது. கரையோரக் கப்பல்கள் கடலிலிருந்து ஆற்றில் ஏறி இதுவரை வர முடிந்தது. உள்நாட்டுப் படகுகள் கிந்தாவிலிருந்து இறங்கி இதுவரை வர முடிந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு துறை வேண்டும். முன்பு அந்த வேலையைப் பக்கத்திலிருந்த டுரியான் செபாத்தாங் செய்தது. பிரிட்டிஷ் நிர்வாகம் வந்த பிறகு இங்கே திட்டமிட்டு ஒரு நகரத்தை அமைத்து, 1882இல் பினாங்கின் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ஆன்சனின் பெயரை வைத்தார்கள். நூறு ஆண்டு கழித்து, 1982இல், ஊர் தன் பழைய மலாய்ப் பெயருக்குத் திரும்பியது. எங்கள் தலைமுறைக்கு அது இன்னும் தெலுக் ஆன்சன்தான். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரக்கு என்றால் முதலில் ஈயம். 1880களின் இறுதிக்குள் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈய உற்பத்தி, தைப்பிங்கைச் சுற்றியிருந்த லாரூட்டின் உற்பத்தியை மிஞ்சிவிட்டது. ஈய லம்பங்களில், அதாவது சுரங்கங்களில், எடுத்த மண்ணைக் கழுவிக் கிடைத்த கறுப்பு மணலைச் சீன முதலாளிகள் அந்தந்த இடத்திலேயே கரி உலைகளில் உருக்கிக் கட்டிகளாக அனுப்பிவந்தார்கள். அதற்குக் காட்டு மரம் ஏராளமாக வேண்டும். மரம் குறையக் குறையக் கரியின் விலை ஏறியது. இந்த இடத்தில்தான் தெலுக் ஆன்சனின் முதல் பெரிய தொழிற்கூடம் வருகிறது. இன்று அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

ஹெர்மன் முலிங்ஹவுஸ், ஜேம்ஸ் சுவோர்ட் என்ற இரு வணிகர்கள் 1887இல் ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் கம்பெனியை நிறுவினார்கள். பிற்காலத்தில் உலகின் மிகப் பெரிய ஈய உருக்காலை நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்த கம்பெனி அது. அவர்கள் உருக்குத் தொழிலைத் தொடங்கிய இடம் சிங்கப்பூர் அல்ல, பினாங்கும் அல்ல, தெலுக் ஆன்சன். அவர்களுடைய யோசனை எளிமையானது. உருக்கிய கட்டிக்காகக் காத்திருக்காமல், கழுவிய மணலையே லம்பத்துக்காரரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கிவிடுவது. லம்பத்துக்காரருக்குப் பணம் உடனே கையில் வந்தது. கரி உலை வைத்துப் பராமரிக்கும் தலைவலியும் போனது. வாங்கிய மணலைக் கம்பெனி மேற்கத்திய முறை உலையில் உருக்கியது. நெருப்பு ஒரு பக்கம் எரியும். அதன் சூடு வளைந்த கூரையில் பட்டுத் திரும்பி, பக்கத்துத் தளத்தில் பரப்பிய மணல் மேல் விழும். எரிபொருள் மரக்கரி அல்ல, நிலக்கரி.

அந்த நிலக்கரிதான் ஊரின் உலையைக் கொண்டுபோனது. நிலக்கரி கப்பலில் வந்தாக வேண்டும். ஆற்று வழியாக இவ்வளவு தூரம் உள்ளே கொண்டுவந்து இறக்குவதைவிட, கப்பல்கள் எப்படியும் வந்து நிற்கும் சிங்கப்பூரில் இறக்குவது மலிவு. அங்கே பேராக் மணலோடு சிலாங்கூர் மணலும், சயாமிலிருந்தும் டச்சுத் தீவுகளிலிருந்தும் வரும் மணலும் ஒரே உலையில் சேரும். 1890இல் கம்பெனி சிங்கப்பூரை அடுத்த புலாவ் பிராணித் தீவில் பெரிய உருக்காலையைத் திறந்தது. தெலுக் ஆன்சன் உலையின் காலம் சில ஆண்டுகளோடு முடிந்தது. அதன் இடத்தைப் பிடித்த புலாவ் பிராணி உருக்காலையும் இன்று இல்லை. அந்தத் தீவில் இப்போது கொள்கலன் துறைமுகம் நடக்கிறது. இதைச் சொன்னால் சிலருக்கு ஆறுதலாக இருக்கிறது. எனக்கு அப்படி இல்லை.

உலை போனாலும் சரக்கு போகவில்லை. மணல் ஆற்றங்கரைக்கு வந்துகொண்டே இருந்தது. அதைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகக் கப்பல் வேண்டும் அல்லவா? அதே 1890இல் சிங்கப்பூரில் ஸ்ட்ரெயிட்ஸ் ஸ்டீம்ஷிப் கம்பெனி உருவானது. ஐரோப்பிய வணிகர்களோடு டான் ஜியாக் கிம் போன்ற சீன முதலாளிகளும் அதில் பங்குதாரர்கள். மேற்குக் கரையோர ஆற்றுத் துறைகளுக்குள் நுழையும்படி ஆழம் குறைந்த சிறிய நீராவிக் கப்பல்களை அது ஓட்டியது. போகும்போது ஈயம், வரும்போது அரிசி, துணி, இரும்புச் சாமான், ஆட்கள்.

ஆட்கள் என்ற சொல்லில் நம் கதை இருக்கிறது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். புலாவ் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்டு, பிறகு கங்காணி பின்னால் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். ஆற்றங்கரைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலர் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தது கரையோரக் கப்பல் கொண்டுவந்து விட்ட மரத்துறைகளில். அந்தத் துறைகளில் ஒன்றுகூட நினைவுச் சின்னமாக நிற்கவில்லை. மரத்துறை சேற்று ஆற்றில் பராமரிப்பு இல்லாமல் எத்தனை காலம் நிற்கும்?

இனி ரயில். மலாயாவின் முதல் ரயில் பாதைகளை வரைபடத்தில் பார்த்தால் ஒரு விஷயம் உடனே தெரியும். தைப்பிங்–போர்ட் வெல்ட், 1885. கோலாலம்பூர்–கிள்ளான், 1886. சிரம்பான்–போர்ட் டிக்சன், 1891. தாப்பா ரோடு–தெலுக் ஆன்சன், 1893. நான்கும் குட்டைப் பாதைகள். நான்கும் சுரங்கப் பகுதியிலிருந்து நேராகத் துறைக்கு ஓடுபவை. ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. மக்கள் ஊருக்கு ஊர் போக வேண்டும் என்று யாரும் அப்போது ரயில் போடவில்லை. தாப்பா ரோடு பாதை 30 கிலோமீட்டருக்கும் குறைவு. சில ஆண்டுகளில் அது ஈப்போவரை நீண்டதும் கிந்தாவின் முழுச் சரக்கும் தெலுக் ஆன்சன் வழியாகக் கடலுக்குப் போகும் நிலை வந்தது. ஊரின் உச்சம் என்று நான் சொல்வது அந்தப் பத்து ஆண்டுகளைத்தான்.

1903இல் குட்டைப் பாதைகள் ஒன்றோடொன்று இணைந்தன. பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து சிரம்பான்வரை தொடர்ச்சியாக ரயில் ஓடியது. அதற்கு முந்திய ஆண்டுதான் ஸ்ட்ரெயிட்ஸ் டிரேடிங் பிறைக்குப் பக்கத்துப் பட்டர்வொர்த்தில் தன் இரண்டாவது உருக்காலையைத் திறந்திருந்தது. அதற்கும் ஓராண்டு முன்பு, 1901இல், கிள்ளான் ஆற்று முகத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டிருந்தது. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கிந்தாவின் கம்பாரில் ஏற்றிய ஈய மணல் இனி ஆற்றுத் துறைக்கு இறங்கி, கப்பலுக்கு மாறி, கடல் சுற்றிப் போக வேண்டியதில்லை. வண்டியிலிருந்து இறங்காமலே பட்டர்வொர்த் பக்கம் போய்விடும். ஊரை வளர்த்த ரயிலே பிரதானப் பாதையில் இணைந்தவுடன் ஊரைக் கிளைப்பாதையின் கடைசி நிலையமாக்கிவிட்டது. வெள்ளத்தையும் ஜப்பானியரையும் குறை சொல்கிறவர்கள் இந்த 1903ஐக் கவனிப்பதில்லை.

சாய்ந்த கோபுரத்தைப் பற்றி ஒரு சொல். அதைச் சுற்றுலாப் படமாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1885இல் லியோங் சூன் சூங் என்ற ஒப்பந்தக்காரர் கட்டியது, உயரம் 25.5 மீட்டர், வெளியே எட்டு அடுக்குப் பகோடா போலத் தெரிந்தாலும் உள்ளே மூன்று தளங்கள்தான். மேலே தண்ணீர்த் தொட்டி. நெருப்புக்கும் வறட்சிக்கும் ஊருக்கு நீர் சேர்த்துவைத்த இடம் அது. மேலிருக்கும் கடிகாரம் லண்டன் ஜே. டபிள்யூ. பென்சன் நிறுவனத்துடையது. தொட்டியின் பாரமும் ஆற்றோரத்தின் இளகிய மண்ணும் சேர்ந்துதான் அதைச் சாய்த்தன. ஆக ஊரில் எஞ்சி நிற்கும் பழைய தொழிற்கூடம் ஒன்று உண்டு என்றால் அது இந்தத் தண்ணீர்க் கோபுரம்தான். அது பிழைத்ததற்குக் காரணம் அழகு, பயன் அல்ல. அழகில்லாத மற்றவை போய்விட்டன.

ஈயம் விலகிய இடத்தை ரப்பர் நிரப்பியது. இல்லாவிட்டால் ஊர் 1910க்கு முன்பே தூங்கியிருக்கும். 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட சில கன்றுகளில் தொடங்கிய பயிர், 1910இல் விலை உச்சத்துக்குப் போனபோது கீழ்ப் பேராக்கின் சதுப்பு நிலத்தையெல்லாம் விழுங்கியிருந்தது. ரூபானா, சப்ராங், செலாபா, நோவா ஸ்கோஷியா என்று இன்று தமிழ்ப்பள்ளிப் பெயர்களாக நீங்கள் கேட்பவை எல்லாம் தோட்டங்கள். செட்டியார்களும் வந்து கிட்டங்கி, அதாவது வட்டிக் கடை, வைத்தார்கள். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலின் சித்ரா பௌர்ணமி இன்றும் வெளியூரிலிருந்து கூட்டத்தை இழுக்கிறது. வட்டிக் கடை போனது, முருகன் இருக்கிறார்.

இப்போது உங்கள் தாத்தாவின் ஸ்டோருக்கு வருகிறேன். நான் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட் தரம் பிரிக்கும் பகுதியில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்தவன். ஆகவே இதைச் சற்று நீட்டியே சொல்வேன். நகரத்துப் பிள்ளைகள் ஸ்டோர் என்றால் சாமான் வைக்கும் அறை என்று நினைக்கிறார்கள். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் பாலை ரப்பராக்கும் முழு ஆலை.

விடிவதற்கு முன்பே பால் வெட்டு தொடங்கும், வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால். மரத்தில் கட்டிய மங்குகளில் (கிண்ணங்களில்) சேர்ந்த பாலை முற்பகலில் வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் தோளில் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வருவார்கள். கிராணி அளப்பார். மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை உள்ளே விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். அந்தக் கருவியைச் சுற்றி நடந்த சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. தண்ணீர் கலந்துவிட்டாய் என்று இவர் சொல்ல, மழை பெய்தது என் தவறா என்று அவர் கேட்க, ஒவ்வொரு நாளும் அங்கே ஒரு சின்ன நீதிமன்றம் நடக்கும்.

கொட்டகையிலிருந்து பால் ஸ்டோருக்குப் போகும். வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, நீண்ட தொட்டிகளில் விட்டு, ஃபார்மிக் அமிலம் கலந்து, தட்டுகளைச் செருகி உறையவிடுவார்கள். மறுநாள் காலை அது வெள்ளைப் பலகைகளாக எழும்பி நிற்கும். அவற்றை உருளைகளுக்கிடையே வரிசையாக ஓட்டினால் தண்ணீர் பிழிந்து வெளியேறும். கடைசி உருளையில் வரிகள் இருக்கும். சுமார் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில், மேலெல்லாம் வரிபடிந்த ஷீட்டாக வெளியே வரும். அந்த வரிகள் அலங்காரத்துக்கு அல்ல. ஷீட்டின் பரப்பைக் கூட்டிச் சீக்கிரம் உலர வைக்கவும், ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கவும்.

அடுத்தது புகைக்கூடம். உயரமான மரக்கட்டடம். உள்ளே கம்புகளில் ஷீட்டுகள் துணி போலத் தொங்கும். கீழே அல்லது பக்கவாட்டில் அடுப்பு. பால் வற்றிய பழைய ரப்பர் மரமே விறகு. நான்கைந்து நாட்கள், 45 பாகை செல்சியஸில் தொடங்கி 60 பாகைவரை மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் ஷீட்டுக்குள் குமிழ் விழும்; தணியவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே இரவு முழுவதும் அடுப்படியில் ஆள் வேண்டும். அந்த வேலைக்குப் பெரும்பாலும் நிதானமான, வயதில் மூத்த ஆட்களைத்தான் போடுவார்கள். கண் அயர்ந்தால் நெருப்பு மேலே ஏறும். ஒரு புகைக்கூடம் தீப்பிடித்தால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். மரமும் ரப்பரும் சேர்ந்த கட்டடம் அது. பழைய புகைக்கூடங்கள் பல இன்று இல்லாததற்கு இந்த எளிய காரணமும் உண்டு.

உலர்ந்து தேன் நிறமாக வந்த ஷீட்டுகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, குமிழும் அழுக்கும் உள்ள இடத்தைக் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்துத் தரம் பிரிப்பது பெரும்பாலும் பெண்கள். முதல் தரத்திலிருந்து ஐந்தாம் தரம்வரை. பிறகு அழுத்தி, 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ கட்டுகளாக்கி, ஒட்டாமல் இருக்க மேலே பூச்சுப் பூசி, அடையாளம் எழுதி ரயிலுக்கோ படகுக்கோ அனுப்புவோம். அந்தக் கட்டின் மேல் தோட்டத்தின் பெயர் இருக்கும். அதைச் செய்தவர்களின் பெயர் எங்கும் இருக்காது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும்.

இப்படிப்பட்ட ஸ்டோர்கள் கீழ்ப் பேராக்கில் தோட்டத்துக்கு ஒன்று இருந்தன. அவை போனதற்கு மூன்று காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முதலாவது துண்டாடல். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். ஐந்து ஏக்கர் வாங்கியவருக்கு ஸ்டோர் எதற்கு? பாலையோ ஒட்டுப்பாலையோ வியாபாரியிடம் கொடுத்துவிடுவார். ஸ்டோர் நின்ற மனையும் யாரோ ஒருவர் பங்கில் போய்ச் சேர்ந்தது. இயந்திரம் பழைய இரும்புக்குப் போனது. லயத்து வீடும் வேலையும் ஒரே நாளில் போன ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கருதித்தான் 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த சிறு தொகையில் தோட்டம் வாங்கலாம் என்று நம்பவைத்தது பெரிய காரியம். ஆனாலும் சங்கம் வாங்கியதைவிடத் துண்டாக விற்கப்பட்டவை அதிகம்.

இரண்டாவது 1965இல் அறிமுகமான எஸ்எம்ஆர் (ஸ்டாண்டர்ட் மலேசியன் ரப்பர்) என்ற தர முறை. அதன்படி ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் அழுக்கின் அளவு முதலியவற்றைச் சோதித்து, கட்டியாக அழுத்தி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அனுப்பலாம். ரப்பரைத் துகளாக்கி, சூடான காற்றில் சில மணி நேரத்தில் உலர்த்திவிடலாம். நான்கைந்து நாள் புகை, இரவுக் காவல், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும் பழகிய கண், எல்லாம் ஒரேயடியாகத் தேவையற்றுப் போயின. பல தோட்டங்களின் பாலுக்கு ஒரு மத்திய ஆலை போதும். என் வேலையைக் கொன்ற முறைதான். இருந்தாலும் தொழில் அளவில் அது நல்ல முறை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வாங்குகிறவருக்கு உறுதியான தரம் கிடைத்தது.

மூன்றாவது செம்பனை என்ற எண்ணெய்ப் பனை, எங்கள் பழைய பேச்சில் முள்ளுத்தேங்காய். குலை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதற்கு நீராவிக் கொதிகலன், அழுத்தும் இயந்திரம் எல்லாம் கொண்ட பெரிய ஆலை வேண்டும். அது சிறு தோட்டத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே பத்து ஸ்டோர்கள் இருந்த வட்டாரத்துக்கு ஒரே ஓர் எண்ணெய் ஆலை. லாரியும் நல்ல சாலையும் வந்த பிறகு அந்த ஆலை ஆற்றங்கரையில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருக்கும் ஜெண்டராத்தா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர். சயாமில் மின்சாரக் கம்பெனி நடத்தியவர். பொறியாளர் புத்தி அந்தத் தோட்டத்தில் நன்றாகத் தெரியும்: சதுப்பை வடிக்கக் கால்வாய்கள், வரப்புகள், சரக்குக்குக் குறுகிய ரயில் பாதை. பின்னாளில் யுனைட்டெட் பிளான்டேஷன்ஸ் என்று பெயர் பெற்ற அந்தக் கம்பெனி, மற்றவர்கள் பிடுங்கி எறிந்த அதே சின்ன ரயிலை இன்றும் குலை ஏற்ற ஓட்டுகிறது. சதுப்பு மண்ணில் கனமான லாரி இறங்கினால் புதையும், தண்டவாளம் பாரத்தைப் பரப்பிவிடும் என்பது காரணம். 1970களில் இந்தியாவின் டாடா குழுமத்தோடு சேர்ந்து யூனிடாட்டா என்ற சுத்திகரிப்பு ஆலையையும் அங்கே நிறுவினார்கள். பழைய தோட்டத் தொழில் எப்படி இயங்கியது என்று கண்ணால் பார்க்க விரும்பினால், கீழ்ப் பேராக்கில் அதற்கு நெருக்கமான இடம் இதுதான். அனுமதி வாங்கிப் போக வேண்டும்.

பாகான் டத்தோ பக்கத்துக் கொப்பரைச் சூளைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேங்காயை உடைத்து வெயிலில் காய வைத்து, பிறகு சிரட்டையையே எரித்து உலர்த்துவார்கள். செங்கல் அடுப்பும் தகரக் கூரையும்தான் கட்டடம். செம்பனை எண்ணெய் மலிவானதும் கொப்பரைக்கு விலை இல்லை. தென்னை இன்னும் இருக்கிறது; காய் பச்சையாகவே விற்பனைக்குப் போகிறது.

போரைப் பற்றிக் கேட்டீர்கள். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2வரை கம்பாரில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரைத் தடுத்து நின்றது. அவர்களைப் பின்வாங்க வைத்ததில் பெரும்பங்கு ஆற்று வழியாகவும் கடல் வழியாகவும் படகுகளில் தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கிய ஜப்பானியப் படைக்கு உண்டு. பின்வாங்கும் படை ரப்பர் இருப்பையும் ஈயக் கப்பல்கள் என்று நாங்கள் அழைக்கும் ஈயம் தோண்டும் மிதவை இயந்திரங்களையும் எதிரி கையில் விடக் கூடாது என்று பல இடங்களில் அழித்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் ரப்பருக்குச் சந்தையே இல்லை. தோட்டத்து ஆண்களில் ஆயிரக்கணக்கானோர் ஜப்பானியர் சயாமில் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஸ்டோர்கள் ஆளில்லாமல் கிடந்தன. ஆனால் 1945க்குப் பிறகு பெரும்பாலானவை மறுபடி புகைந்தன. கட்டடங்களுக்குப் போர் இடைவேளைதான். மனிதர்களுக்கு அப்படி இல்லை.

தாப்பா ரோடு கிளைப்பாதையில் 1980களின் இறுதியோடு ரயில் நின்றது. தண்டவாளம் இப்போது இல்லை.

உங்கள் தாத்தாவின் ஸ்டோரைத் தேட வழி உண்டு. அதற்குப் பாழடைந்த கட்டடத்தைத் தேடிப் போகாதீர்கள், காகிதத்தைத் தேடுங்கள். அப்பாவின் அல்லது அத்தைமார்களின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருக்கும். பெரும்பாலும் மலாய் அல்லது ஆங்கிலப் பெயர், தமிழர்கள் அழைத்த பெயர் வேறாக இருக்கலாம். ஊழியர் சேமநிதி 1951இல் தொடங்கியது. தாத்தா அதற்குப் பிறகும் வேலையில் இருந்திருந்தால், அந்தக் கணக்கில் முதலாளியாகக் கம்பெனியின் பெயர் பதிவாகியிருக்கும். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை வீட்டுப் பெட்டியில் கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய ஆட்கள் அதை எறிவதில்லை. பெயர் கிடைத்துவிட்டால் கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய நில அளவை வரைபடங்களைக் கேளுங்கள். தோட்ட எல்லையும், ரயில் பாதையும், ஆலை இருந்த இடமும் அவற்றில் தெரியும்.

அந்த இடத்துக்குப் போனால் கூரையையும் சுவரையும் எதிர்பார்க்க வேண்டாம். செம்பனைக்கு நடுவே அசையாத சிமெண்டுத் தரை, பால் தொட்டிகளின் அடிப்பகுதி, நேராக வெட்டிய கால்வாய், அதன் ஓரத்தில் ரயில் ஓடிய மேடு, இவை இருந்தால் சரியான இடம்தான். பெரிய தோட்டங்களுக்குப் பல பிரிவுகள் இருந்தன என்பதையும் மறக்காதீர்கள். வெளிப் பிரிவுகளில் பால் கொட்டகை மட்டும்தான். ஸ்டோர் துரை பங்களாவும் ஆபீசும் இருந்த முதன்மைப் பிரிவில் இருக்கும். அங்கேயே தேடுங்கள்.

போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தாத்தா பகலில் வேலைக்குப் போனாரா, இரவிலா? பகல் என்றால் தொட்டி அல்லது உருளை. இரவு என்றால் புகைக்கூடத்து அடுப்பு. தேட வேண்டியது ஸ்டோரிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக நின்ற கட்டடத்தின் செங்கல் அடுப்புக் குழியை. நெருப்புக்குப் பயந்து அதை எப்போதும் ஒதுக்கித்தான் கட்டினார்கள்.